பாதி பாட்டில் வினிகர்

மனைவி: ...இன்னும் கொஞ்சம் அடிங்க. அந்த ஓரத்துல.

கணவன்: அடிச்சாச்சு. கண்ணெல்லாம் எரியுது. இது வீடா, ஊறுகா ஜாடியா?

மனைவி: தண்ணி கலந்தீங்கள்ல?

கணவன்: தண்ணியா?

மனைவி: போச்சு! பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!

கணவன்: துணி அலசிட்டிருந்தேனா... 'பாதி' மட்டும்தான் காதுல விழுந்துச்சு. பாதி பாட்டிலை அப்படியே ஊத்திட்டேன்.

மனைவி: நல்லா கேட்டீங்க! வீட்டுக்காரம்மா வேற இப்பத்தான் போன் பண்ணாங்க. நம்ம சமையலறைக் குழாயைப் பாக்க வர்றாங்களாம்.

கணவன்: குழாய்க்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?

மனைவி: அதை அவங்களைக் கேளுங்க. சீக்கிரம் துடைங்க.

கணவன்: ஃபினாயில் ஊத்தியிருந்தா ஒரே வாட்டியில முடிஞ்சிருக்கும்.

மனைவி: ஊத்துவீங்க! தொரை அதுல நடந்துட்டு காலை நக்கினா என்ன ஆகும்? விஷம்.

கணவன்: சோபாவுல ஒண்ணுக்குப் போனது தொரை. துடைக்கிறது நான். இப்ப தொரை எங்க?

மனைவி: உள் ரூம்ல, கட்டிலுக்கு அடியில. கதவைச் சும்மா சாத்தி வெச்சிருக்கேன்.

கணவன்: ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதே. அந்தப் பூனையை வேற யாருக்காவது...

மனைவி: அந்தப் பேச்சே வேணாம்.

கணவன்: பிராணி வளர்க்க மாட்டோம்னு தலையாட்டித்தானே இந்த வீட்டுக்கு வந்தோம்? தெரிஞ்சா காலி பண்ணுன்னுடுவாங்க.

மனைவி: காலி பண்ணினா மூணு பேரும் சேர்ந்தே பண்ணுவோம்.

கணவன்: மூணு பேரா! ரேஷன் கார்டுல மட்டும்தான் சேர்க்கல...

மனைவி: ஷ்ஷ்! கதவு தட்டறாங்க. ஐயோ, ஈரத்து மேல ஏன் உக்காரறீங்க?

கணவன்: மறைக்கத்தான்! போய்த் திற.

மனைவி: வாங்க ஆன்ட்டி, வாங்க வாங்க!

வீட்டுக்காரம்மா: என்னம்மா இது, படி ஏறும்போதே மூக்கைத் துளைக்குது. வினிகரா?

மனைவி: ஆமா ஆன்ட்டி. இனிமே இயற்கை முறையிலதான் வீட்டைச் சுத்தம் பண்றதுன்னு...

வீட்டுக்காரம்மா: நல்ல பழக்கம். ஆனா ஜன்னல்ல தூசி அப்படியே இருக்கே?

கணவன்: அதுவும் இயற்கைதானே ஆன்ட்டி?

வீட்டுக்காரம்மா: தம்பி ஏன் எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு?

கணவன்: இடுப்புப் பிடிப்பு.

வீட்டுக்காரம்மா: பேன்ட்டெல்லாம் ஈரமா இருக்கு?

மனைவி: அவருக்கு... வினிகர் ஒத்தடம்!

வீட்டுக்காரம்மா: ஓஹோ... வெறும் வினிகரைக் கொட்டியிருக்கீங்க. பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும். அழுத்தித் தேய்க்காம ஒத்தி எடுக்கணும். காஞ்சதும் சமையல் சோடாவைத் தூவி, அப்புறமாக் கூட்டித் தள்ளணும். இல்லன்னா அந்த நாத்தம் திரும்ப வந்து நிக்கும்.

மனைவி: எந்த... நாத்தம் ஆன்ட்டி?

வீட்டுக்காரம்மா: ம்? பொதுவாச் சொன்னேன்.

கணவன்: குழாயைப் பாத்துடறீங்களா ஆன்ட்டி?

வீட்டுக்காரம்மா: குழாயா? ஆமால்ல, குழாய்... இரு, உள்ள என்ன சத்தம்?

கணவன்: என் போன்! ரிங்டோன்.

வீட்டுக்காரம்மா: மியாவ்னா?

கணவன்: ஆபீஸ்ல எல்லாரும் அதான் வெச்சிருக்கோம்.

வீட்டுக்காரம்மா: உங்க போன் இதோ மேஜை மேல கிடக்கே தம்பி?

மனைவி: ஆன்ட்டி, நானே சொல்லிடறேன். எங்களைத் திட்டுங்க, ஆனா அவனைத் தெருவுல விடச் சொல்லாதீங்க. கொட்டற மழையில, காது கிழிஞ்சு, நடுங்கிட்டு வந்தான்...

வீட்டுக்காரம்மா: இடது காதா?

மனைவி: ஆமா... உங்களுக்கு எப்படி...?

வீட்டுக்காரம்மா: டேய் மேனேஜர்! வெளிய வாடா!

கணவன்: அட, கதவை முட்டித் தள்ளிட்டு ஓடி வருது பாரு! நான் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது!

மனைவி: தொரை! அவங்க கால்ல போய் உரசறே? அடப்பாவி!

வீட்டுக்காரம்மா: தொரையா? கீழ மேனேஜர், மேல தொரையா நீ? ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி முகத்தை வெச்சிருக்கான் பாரு!

மனைவி: ஆனா ஆன்ட்டி... இந்த வீட்டுல பிராணியே கூடாதுன்னு...

வீட்டுக்காரம்மா: அது எங்க வீட்டுக்காரர் போட்ட சட்டம். எனக்கும் சேர்த்துத்தான்.

கணவன்: அப்ப அங்கிளுக்கு இவனைப் பத்தி...

வீட்டுக்காரம்மா: மூச்சு விட்டுடாதீங்க!

கணவன்: விட மாட்டோம். சரி ஆன்ட்டி, அப்ப அந்தக் குழாய்?

வீட்டுக்காரம்மா: குழாய்க்கு என்ன கேடு? இவன் அவரோட சாய்வு நாற்காலியில வேலையைக் காட்டிட்டு மேல ஓடி வந்துட்டான். என்ன பண்றதுன்னு தவிச்சிட்டிருந்தப்பதான் உங்க வினிகர் வாசனை வந்துச்சு. அவர் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள அந்த மிச்சப் பாதி பாட்டிலைக் குடும்மா. தண்ணியை நான் கலந்துக்கறேன்!