குறுக்கே பேசு, ஜோதிகா

எங்கள் சிறப்புப் பள்ளிக்குக் கம்ப்யூட்டரும் நெட்டும் தந்த கொடையாளர், விழாத் தலைவர் கிட்டுசாமி அய்யா அவர்களே! வீரபாண்டிப் பெரியோர்களே! பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேச்சுப் பயிற்சி தரும் அனுசுயாவின் பணிவான வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். வழங்க வந்திருப்பதோ வாக்குமூலம்.

பந்தலின் கடைசியில் தாயோடு நிற்கிறாளே ஜோதிகா, ஒன்பது வயது. வார்த்தைக்கு அவளிடம் பஞ்சமா? இல்லை! எப்போது பேசுவது, எப்போது பொறுப்பது, அதுதான் தெரியாது. யார் பேசினாலும் குறுக்கே பாய்வாள். "எல்லாரும் பிள்ளைய ஏசுதாவ மிஸ்" என்று தன் தெற்கத்திப் பேச்சில் அழுதார், இங்கே பிழைக்க வந்த தாய் பாண்டியம்மாள்.

யூடியூபைத் திறந்தேன். இருவர் பேச மூன்றாமவர் காத்திருக்கும் வீடியோக்களாகத் தேடினேன். ஓட்டினேன், நிறுத்தினேன், "இப்பப் பேசலாமா கண்ணு?" என்று கேட்டேன். நாற்பதே நாளில் பொறுக்கப் பழகினாள். பூரித்துப் போனேன்! அட, அதற்குள் கைதட்டாதீர்கள், பொறுங்கள்.

போன மாதம் விடுமுறையில் மகளைக் கம்பெனிக்கு அழைத்துப் போயிருக்கிறார் பாண்டியம்மாள். பின்பக்கம் துணி வேஸ்ட் மூட்டையில் புகை. முதலில் பார்த்தவள் ஜோதிகா. தாயிடம் ஓடினாள். தாயோ, தையல் பிசகியது யாரால் என்று சூப்பர்வைசரோடு வாக்குவாதத்தில் இருந்தார். பிள்ளை என்ன செய்தாள்? நின்றாள்! கைகட்டி நின்றாள்! புகை வளர்ந்தது, பேச்சு வளர்ந்தது, நான் பழக்கியபடியே நின்றாள்! நெடி வந்து தாய் திரும்பியபோது மூட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. அணைத்துவிட்டார்கள். ஆனால் பாண்டியம்மாளின் முழங்கை வெந்துவிட்டது. "நான் அப்பவே பாத்துட்டேம்மா. நீ பேசி முடிக்கலையே" என்றாளாம் மகள்.

யார் குற்றம்? வீடியோவின் குற்றமா, பிள்ளையின் குற்றமா? பொறு என்று நூறு படம் காட்டிய நான், ஆபத்தென்றால் குறுக்கே புகு என்று ஒரு படம் காட்டினேனா? தேடுகிறேன், நம் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே தாய்மார்களே, உங்கள் முகங்களைக் கேட்கிறேன்! உங்கள் கம்பெனியில், உங்கள் இரைச்சலில், நாமே படம் பிடிப்போம், நாமே நெட்டில் ஏற்றுவோம்! மூன்று வாரமாய் வாயால் சொல்லிப் பார்க்கிறேன், ஒருமுறைகூட அவள் குறுக்கிடவில்லை. மறுபடி ஒரு புகை வந்தால் என்ன செய்வாள்? பயமாக இருக்கிறது, எனக்குத் தூக்கமே...

யாரது? ஜோதிகாவா? மேடைக்கே ஓடி வருகிறாயா?

"மிஸ், நிப்பாட்டுங்க! பின்னாடி ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாங்க!"

ஏனுங்க, தண்ணி கொண்டாங்க! நகருங்க, காத்து வரட்டும்! கண் விழித்துவிட்டாரா? அப்பாடா.

அய்யா, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பேசிவிட்டாள்! என் பேச்சு பாதியிலேயே நிற்கட்டும். நன்றி, எல்லோருக்கும் வணக்கம்.