நம்மாளுத் துறை

ஆத்துக்கு அணையே கட்டாத காலமுங்க அது. கூடக்கரைங்கற ஊருல பாவாயின்னு ஒரு பரிசல்காரி இருந்தா. எங்க வகையறாவுக்கு மூத்தவ. புருசன் போய்ச் சேர்ந்துட்டான். ஒண்டியா நின்னு பரிசல் போட்டா. தொணைக்கு ஒரு நாயி. பேரு குன்னி. ரெண்டு கையில அள்ளிப்புடலாம், அத்தினியூண்டு.

ஆனா கோவம்? யப்பா! பாவாயிகிட்ட எவனாச்சும் கை நீட்டுனாப் போதும், பாஞ்சு கவ்விக்குமாம். பரிசல்ல ஏறவே சனம் பயந்துச்சு. "நாயை ஆத்துல வீசு, இல்லாட்டி துறையை உடு"ன்னு ஊரே சொல்லுச்சு.

"அது பொல்லாத நாயில்லீங்க. வர்றது யாருன்னு தெரியாமக் கொரைக்குது. தெரிய வெச்சாப் போச்சு"ன்னாளாம் பாவாயி.

அடிக்கல, கட்டிப்போடல. பரிசலோட முன்பக்கம் ஒரு சாக்கை விரிச்சு, 'இது உன்ற எடம்'னு பழக்குனா. ஏற வர்றவங்க கரையில நிக்கணும். குனிஞ்சு கைய நீட்டணும். குன்னி வந்து மோந்து பாக்கும். பாவாயி சொல்லுவா, "நம்மாளு." அந்தச் சொல்லு காதுல உழுந்தாப் போதும், குன்னி பேசாமப் போயிச் சாக்குல படுத்துக்கும். உடனே ஒரு துண்டு களி குடுப்பா. செருப்புத் தைக்கிறவனும் நம்மாளு, செட்டியாரும் நம்மாளு. நாய்க்கு என்னங்க தெரியும்?

ஊருலயே பெரிய நெலக்காரரு மேட்டூட்டுப் பண்ணாடி மட்டும் துறைப் பக்கமே வரல. "பரிசல்காரிக்கு நான் நம்மாளா? தூ!"ன்னுட்டாரு.

அந்த வருசம் ஆடி வெள்ளம். ஆறு செவச் செவன்னு மரத்தையெல்லாம் பெரட்டிக்கிட்டுப் போகுது. பண்ணாடி மக பிரசவ வலியில துடிக்கிறா, புள்ளை குறுக்க கெடக்குது. மருத்துவச்சியோ அக்கரையில. மகளைக் கட்டில்ல தூக்கியாந்து துறையில வெச்சாங்க.

பரிசல் வெளிம்புல குன்னி நிக்குது. பல்லைக் காட்டிக்கிட்டு. பண்ணாடி தடியை ஓங்குனாரு. அத்தினியூண்டு நாயி, அசையலையாம்!

"கட்டிப் போடுடி அதை!"

"மாட்டேனுங் பண்ணாடி. சுழி இருக்கற பக்கம் மூஞ்சியக் காட்டி எனக்குச் சொல்றதே அதுதானுங். அது இல்லாம இந்தத் தண்ணியில எறங்க மாட்டேன். உங்களை ஆருன்னு தெரியாம ஏத்துனா, நடு ஆத்துல உங்க மேல பாயும். என்ற ரெண்டு கையும் துடுப்புல இருக்கும். எல்லாரும் போயிருவோம்."

கட்டில்ல கெடந்த மக தானாவே கையத் தொங்கப் போட்டா. குன்னி மோந்துச்சு. "நம்மாளு"ன்னா பாவாயி. நாயி அந்தக் கைய நக்குச்சாம்.

அப்புறம் பண்ணாடி. தடியைக் கீழ போட்டாரு. சேத்துல மண்டி போட்டாரு. கைய நீட்டுனாரு. குன்னி மோந்துட்டுப் பாவாயி மூஞ்சியப் பாக்குது. அவளுக்கு வாய் வரல. அவரை ஆரு அப்படிச் சொல்லியிருக்கா, அதுவரைக்கும்?

"சொல்லு தாயி," அவரே கேட்டாராம், கண்ணுல தண்ணி. "நான் உன்ற ஆளுதான்னு சொல்லு."

"நம்மாளு, குன்னி. நம்மாளு."

நாயி திரும்பிச் சாக்குல போயி உக்காந்துச்சு. பரிசல் எறங்குச்சு. குன்னி எடப்பக்கம் பாத்தா அவ வலப்பக்கம் தள்ளுவா, வலப்பக்கம் பாத்தா எடப்பக்கம். மலையாட்டம் வந்த தண்ணியில அந்தப் பரிசல் எலை மாதிரி போயிச் சேர்ந்துச்சுன்னு சொல்றாங்க. தாயும் புள்ளையும் பொழச்சாங்க.

இப்பவும் இந்தத் துறையில பரிசல் ஏற வர்றவங்க, எந்தப் பெரிய மனுசனா இருந்தாலுஞ் சரி, கரையில குனிஞ்சு வெறுங்கைய நீட்டிக்கிட்டு நிப்பாங்க. மோந்து பாக்க அங்க நாயி இல்ல. பரிசல்காரன் "நம்மாளு"ன்னு சொல்லோணும். அதுக்கப்புறந்தான் காலைத் தூக்கி உள்ள வெப்பாங்க.