கெட்டித் தட்டுக்கு ஒரு ஆள் போதும்

பார்வைக்கு இரண்டு தட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும் ஐயா. அதே வட்டம், அதே ஆரஞ்சு நிறம். கையில் எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் விளிம்பை அமுக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இளகின பிளாஸ்டிக் தோசை மாதிரி மடிந்து, விட்டதும் மெல்ல நிமிரும். கெட்டி பிளாஸ்டிக் மடியாது. விரலைத் திருப்பித் தள்ளும்.

விசாரணைக்கு வந்தபோது நீங்கள் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

ஓசூரில் எங்கள் கம்பெனி பக்கெட்டும் மக்கும் செய்துகொண்டிருந்தது. தொண்ணூற்றொன்றாம் வருடம் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அங்கே ஒரு விளையாட்டாம். மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு, அதில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கூடை வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து தட்டை எறிந்து, சங்கிலியில் பட்டுக் கூடையில் விழவைக்க வேண்டும். சூப்பர்வைசர் கௌஸ் மொய்தீன் பாய் படம் காட்டினார். என்னோடு ஒரே மெஷினில் வேலை செய்த முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"எங்கூட்ல தட்டத் தூக்கி எறிஞ்சா முதுவு வீங்கிரும். அங்க கப்பு குடுக்கறாங்களா பாய்?"

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஜூஜுவாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் தெலுங்கு, மெஷினைத் திட்டக் கன்னடம், என்னிடம் தமிழ். எனக்கு முப்பத்தொன்பது. பாரூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவள். அவள் கைக்கு இருந்த வேகம் என் கைக்கு இல்லை. அதை நான் எப்போதும் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரும்புப் பாதிகள் சேர்ந்து, நடுவில் வரும் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தும். அதை மோல்டு என்போம். கெட்டித் தட்டு என்றால், பாதிகள் விலகியதும் தானாகக் கீழே விழுந்துவிடும். இளகினது ஒட்டிக்கொள்ளும். கையை உள்ளே விட்டு உரித்து எடுக்க வேண்டும். முன்னால் தகரக் கதவு ஒன்று உண்டு. அது மூடினால்தான் மோல்டு சேரும். ஒவ்வொரு தட்டுக்கும் அதைத் திறந்து மூடினால் ஒரு ஷிஃப்டில் பாதி வேலைகூட ஆகாது. அதனால் கதவைத் திறந்தே வைத்து, மூடினால் அமுங்குகிற ஸ்விட்சை அமுங்கினபடியே கம்பியால் கட்டிவிட்டோம். எல்லாருக்கும் தெரியும்.

அதற்குப் பதிலாக எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முனிலட்சுமி தட்டை உரித்து எடுத்ததும், உரித்த கையாலேயே கதவில் ஓங்கி ஓர் அடி அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபக்கம் நிற்கும் நான் பொத்தானை அழுத்துவேன். கதவில் அடிக்கிற கை மோல்டுக்குள் இருக்க முடியாது அல்லவா. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

முதல் நாலு மாதம் இரண்டு வகையும் செய்து அனுப்பினோம். அதன்பிறகு வாங்குகிறவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பதாக இருந்தார்கள். கெட்டித் தட்டு நேராகப் போகும், விலையும் குறைவு. ஆனால் ஈரக் கையில் வழுக்கும், குளிரில் மரத்தில் மோதினால் விரிசல் விடலாம். இளகினது பிடிக்கு நன்றாக இருக்கும், உடையாது. வெயிலில் கிடந்தால் கோணிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் பத்துத் தட்டை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து, காம்பவுண்டு ஓரத் தைல மரத்தில் அடித்துப் பார்த்து எழுதித் தர வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் நிதானமானவள் என்று பெயர்.

அதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு நேரத்தில் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கெட்டி தேறிருச்சின்னா மெஷினுக்கு ஒரு ஆளு போதும் வெங்கடம்மா. மொதலாளி முனிலட்சுமிய வெச்சிக்கலாம்னு சொல்றாரு. அவ கை சுறுசுறுப்புல்ல. உங்கிட்ட முன்னாடியே சொல்லிரணும்னு தோணிச்சி."

அவர் நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஆஞ்சப்பனுக்கு வலிப்பு. லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து. என் வேலையால் வருகிற இ.எஸ்.ஐ. கார்டில்தான் அவருக்கு மாத்திரை. இதற்கு முன் வேலை செய்த இடத்தில் ஆட்களைக் குறைத்தபோது பதினொரு மாதம் எனக்கு வேலை இல்லை. கார்டும் செல்லாமல் போயிற்று. ஒருநாள் நான் வேலை கேட்டு அலைந்துவிட்டு வந்தபோது, அவர் அடுப்பின்மேல் விழுந்து கிடந்தார். எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று தெரியாது. அந்த வாசனை எனக்குத் தெரியும். இன்னொரு பதினொரு மாதத்தை அவர் தாங்கமாட்டார். நானும் தாங்கமாட்டேன் என்பதைவிட, தாங்கிவிடுவேனோ என்றுதான் பயமாக இருந்தது.

அதனால் சோதனைக்கான கெட்டித் தட்டுகளைச் செய்தபோது, புது பிளாஸ்டிக் குருணையில் அரைத்த பழைய பக்கெட் தூளைக் கலந்தேன். பத்தில் ஏழு விரிசல் விட்டன. எழுதிக் கொடுத்தேன். இளகினதே என்று முடிவாயிற்று. முனிலட்சுமி மறுநாள் வீட்டில் தட்டின இனிப்பு ஒப்பட்டு கொண்டுவந்தாள்.

"ரெண்டு பேருமே பொழச்சோம்க்கா" என்று என் வாயில் ஊட்டினாள்.

ஒரு மாதம் போயிற்று. பிறகு பாய் ஒரு மருந்தைக் காட்டினார். மோல்டில் பீய்ச்சிவிட்டால் இளகின தட்டும் ஒட்டாமல் விழுந்துவிடுமாம். திங்கட்கிழமையிலிருந்து அதுதான். திங்கட்கிழமையிலிருந்து ஒரு ஆள்தான். யார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

முனிலட்சுமி முதலாளியிடம் போய்ப் பேசினாள். திரும்பி வந்து, "பேக்கிங்லயாவது அக்காவப் போடுங்க சார்னேன். கல்லு மாதிரி ஒக்காந்திருக்காரு. அழுதும் பாத்துட்டேன்க்கா" என்றாள். கண்ணில் மை கரைந்திருந்தது. அவள் கேட்காமல் இருந்திருந்தால், கேட்டால் கிடைக்கும் என்று நான் நினைத்துக்கொண்டாவது இருந்திருப்பேன். அந்த வழியையும் அவள் அடைத்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் அல்ல. தெரியாமல்.

சனிக்கிழமை காலை. வேலை ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு மேல் ஒரு தட்டு அதிகமாக ஒட்டிக்கொண்டது. அவள் இடது கையை விளிம்பில் ஊன்றி, வலது கையால் உரித்துக்கொண்டிருந்தாள். கதவில் அடி விழவில்லை. நான் நிற்கும் இடத்திலிருந்து அவள் கை தெரியாது என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். தெரியும். வளையல்கூடத் தெரியும்.

"இரு அக்கா, ஒட்டிக்கிச்சி" என்றாள்.

நான் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு விரல், அதிகம் போனால் இரண்டு என்று நினைத்தேன். அவ்வளவு போதும். இரண்டு விரல் இல்லாதவளை மெஷினில் நிறுத்தமாட்டார்கள். மணிக்கட்டுவரை போகும் என்று நினைக்கவில்லை. அது மெஷின் செய்தது. நிறுத்துகிற பொத்தானை அழுத்தியதும் நான்தான். புடவையைக் கிழித்துக் கட்டியதும் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. பாய் அழுதுகொண்டே, நான் இல்லாவிட்டால் அவள் உயிரே போயிருக்கும் என்று டாக்டரிடம் சொன்னார். அது உண்மைதான்.

இளகின தட்டு இனி வேண்டாம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். கெட்டித் தட்டை மறுபடி சோதித்தோம். நான் எதையும் கலக்கவில்லை. பத்தில் ஒன்றுகூட உடையவில்லை. யோசித்துப் பார்த்தால், முதல்முறையே நான் கலக்காமல் இருந்திருந்தால் முனிலட்சுமிக்கு இன்று இரண்டு கையும் இருந்திருக்கும். அந்தத் தூளைக் கலந்ததுதான் நான் செய்த தப்பு என்று எனக்குப் படுகிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கதவில் அடித்துவிட்டுத் தானேதான் மறுபடி கையை உள்ளே விட்டதாக உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். "உம் மேல எதுவும் வராதுக்கா" என்றாள். அது நியாயமில்லை. அவள் வேலையில் தவறு செய்கிறவள் இல்லை. அவள் மேல் அப்படி ஒரு பெயர் வரக்கூடாது. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். அவள் அடிக்கவில்லை. நான் அழுத்தினேன், பார்த்துக்கொண்டே அழுத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டும். இப்போது மெஷினுக்கு நான் ஒருத்திதான் ஐயா. நான் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.