பங்களாவுக்குள்ள ஓடுங்க

டும்.

மேலே. சில்வர் ஓக் மரங்களுக்கும் மேலே. ஒரே ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

எனக்கு அந்த இடைவெளி தெரியும். வன்னியில் ஷெல் கிளம்பும்போது அப்படித்தான் கேட்கும். தூரத்தில் ஒரு டும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அதற்குள் குழிக்குள் இறங்கிவிட வேண்டும். இறங்கினவர் பிழைத்தார். நின்று பார்த்தவர் பிழைக்கவில்லை.

நான் கத்துகிறேன்.

"பங்களாவுக்குள்ள ஓடுங்க! விழுது! விழுது!"

என் மகள் தேவி வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். அவளும் கத்துகிறாள்.

"பாறைக்கு! பாறைக்கு ஓடியாங்க! அம்மா, பாறைக்கு!"

நடுவில் இரண்டு பிள்ளைகள். சரவணன். அவன் தங்கச்சி மல்லிகா. பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் பிள்ளைகள். என்னிடம் விட்டுவிட்டு அவள் நாகலூர் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காடை போட்டிருந்தார்கள். அவனுக்கு ஒன்று. அவளுக்கு ஒன்று. தேவியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

நான் பெரியவள். என் பக்கம் ஓடி வந்தார்கள்.

இது ஏற்காட்டு மலை. இங்கே சண்டை இல்லை. ஷெல் இல்லை. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

என் பெயர் பாக்கியம். நாலாவது வரை படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. தேவி பிழை திருத்தித் தருகிறாள். இந்த மாதிரி மலையில் குழி வெட்ட வருகிறவர்கள், வெட்டச் சொல்லிக் கொடுக்க வருகிறவர்கள், இதைப் படிக்க வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

பிறந்தது இலங்கையில். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில். எங்கள் ஆட்கள் சேலத்துப் பக்கமிருந்து கூலிக்குப் போனவர்கள். கலவரத்தில் லயத்தை எரித்தார்கள். வன்னிக்கு ஓடினோம். காடு வெட்டினோம். கச்சான் போட்டோம். நிலக்கடலையை அங்கே அப்படிச் சொல்வது. அங்கேதான் கல்யாணம். அங்கேதான் தேவி. பிறகு சண்டை வந்தது.

வன்னியில் ஒவ்வொரு வீட்டு வளவிலும் பங்கர் உண்டு. இடுப்பளவு குழி. மேலே பனங்குற்றி, பனைமரத் துண்டு. அதற்கு மேலே மண். நான் நன்றாக வெட்டுவேன். அக்கம்பக்கத்துக்கும் வெட்டிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். டும் என்றால் உள்ளே இறங்கு. குப்புறப் படு. காதைப் பொத்து. வாயைத் திற. வாயைத் திறந்தால் செவிப்பறை கிழியாது. எத்தனையோ தடவை அந்தக் குழி எங்களைக் காப்பாற்றியது.

ஒரு தடவை காப்பாற்றவில்லை. பக்கத்தில் விழுந்தது. குழி மூடிக்கொண்டது. தேவியின் அப்பா உள்ளே. தேவியும் உள்ளே. தேவியை உயிரோடு எடுத்தோம். அவரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு தேவி எந்தக் குழிக்குள்ளும் இறங்கமாட்டாள். அடித்தும் பார்த்தேன். இறங்கமாட்டாள். சின்னப்பிள்ளைப் பயம் என்று நினைத்தேன்.

படகில் வந்தோம். மண்டபத்தில் முகாமில் இருந்தோம். பிறகு சொந்தக்காரர் ஒருவர் சொல்லி இந்த மலைக்கு வந்தோம். நாகலூருக்குக் கிட்டே ஒரு காப்பி எஸ்டேட். லயன் வீடு கொடுத்தார்கள். நான் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். பக்கத்து வீடு சின்னப்பொண்ணு. புருசன் விட்டுப் போனவள். வாய் சும்மா இருக்காது. வந்த அன்றைக்கே அவள் வீட்டு அடுப்பில் எனக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

மாசியிலிருந்து தண்ணீர்க் கஷ்டம். ஊற்று வற்றிவிடும். குடத்தோடு கீழே இறங்கி ஏற வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. ஜெயா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஓமலூர்ப் பக்கத்துப் பெண். மலைச்சரிவில் குறுக்காக மழைக்குழி வெட்டச் சொன்னாள். கூலிக்கு அரிசி. இரண்டு கழியை ஏணிக்கால் மாதிரி விரித்து, மூன்றாவதைக் குறுக்கே கட்டினாள். உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டாள். கயிறு குறுக்குக்கழியின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அந்த மட்டத்திலேயே குழி போக வேண்டும். எடுத்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போட வேண்டும். கரையில் வெட்டிவேர் நட வேண்டும். மழைத்தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். கீழே ஊற்றில் வரும்.

வந்தது. அடுத்த கோடையில் ஊற்று வற்றவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஜெயா செய்தது நல்ல வேலை.

குழி வெட்டும்போது நான்தான் முன்னால். முழங்கால் ஆழம் போதும் என்பாள் ஜெயா. என் கை நிற்காது.

"பாக்கியக்கா, போதுங்க. இது மழைக்குழி. கெணறு இல்லீங்க."

"பங்கர் வெட்டின கை. அப்படித்தான் போகும்" என்றேன்.

சின்னப்பொண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னதுங்க? பங்களாவா? இங்க இருக்கற ஊடே ஒழுகுது. அக்காளுக்குப் பங்களா கேக்குது பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வன்னியை விட்டு வந்த பிறகு பங்கர் என்ற வார்த்தைக்குச் சிரித்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து என் குழிக்குப் பங்களா என்று பெயர்.

கடைசிக் குழியை லயனுக்குப் பின்னால் வெட்டினேன். இடுப்பளவு. ஜெயா பார்த்தாள். முகம் மாறியது.

"ஊட்டுக்கு இத்தன கிட்ட வேண்டாங்க. இவ்ளோ ஆழமும் கூடாது. மூடிருங்க அக்கா."

சரி என்றேன். மூடவில்லை. பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். ஒரு பக்கம் தகரம் போட்டுக் கொடுத்தேன். விளையாட்டும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். நான் தகரத்தில் ஒரு கல்லை எறிவேன். டும். ஓடி வந்து உள்ளே குதிக்க வேண்டும். குப்புறப் படுக்க வேண்டும். காதைப் பொத்து. வாயைத் திற. கடைசியாக வருகிறவர் தோற்றார். மல்லிகா எப்போதும் தோற்பாள். சரவணன் அவளை இழுத்துக்கொண்டு வருவான். தேவி தூரத்தில் நின்று பார்ப்பாள். வரமாட்டாள்.

"எலிக்குஞ்சு மாதிரி எம் புள்ளைங்களைப் பொந்துல உட்டுப் பழக்கறீங்களே" என்பாள் சின்னப்பொண்ணு. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

ஜெயாவும் ஒன்று பழக்கினாள். மண் சரிவுக்கு. தரையில் வெடிப்பு கண்டால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக வந்தால், வீட்டில் இருக்கக் கூடாது. தாழ்வில் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் ஓடிப் பெரிய பாறைமேல் ஏற வேண்டும். பெரட்டுக் களத்தில், காலையில் ஆளெடுக்கிற இடத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்தாள். எல்லாரும் பாறைக்கு ஓட வேண்டும்.

"ஏனுங்க ஜெயா, எங்க முட்டிய மாத்திக் குடுத்துட்டு ஓடச் சொல்லுங்க" என்றாள் சின்னப்பொண்ணு.

பெண்கள் நடந்து போனார்கள். தேவி ஓடினாள். நான் போகவே இல்லை. வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பெண்ணுக்கு ஆபத்து என்றால் என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆபத்தை நான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைத்தான் இன்றைக்கும் என்னால் தள்ள முடியவில்லை.

ஐப்பசி. அடைமழை. வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மழைக்குழிகளின் கடைவாயை, தண்ணீர் வடிகிற வழியை, திறந்துவிட்டேன். அதிக மழைக்குத் திறந்துவிட வேண்டும். ஜெயா சொன்னதில் அதைச் சரியாகச் செய்தேன். பங்களாவின் வாயையும் திறந்தேன். தண்ணீர் வடிந்தது. அடியில் சேறு மட்டும்.

மத்தியானம் சின்னப்பொண்ணு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, ஊத்துத் தண்ணி செவசெவன்னு வருதுங்க. குடிக்காதீங்க. இதுங்களைப் பாத்துக்குங்க. கண்ணு, பெரியம்மா சொல்றதக் கேக்கோணும், தெரிஞ்சுதா?"

"சரிம்மா" என்றான் சரவணன்.

தண்ணீர் சிவப்பு. காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மழைக்குத் தண்ணீர் கலங்கும் என்று விட்டுவிட்டேன்.

அவள் போனாள். மழை கொஞ்சம் விட்டது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள்.

டும்.

கத்தினேன். வந்தார்கள். குதித்தார்கள். சரவணன் மல்லிகாவை இழுத்துக்கொண்டு குதித்தான். நான் பின்னால் ஓடுகிறேன். விசில் சத்தம் வரும் என்று காத்திருக்கிறேன். ஷெல் வரும்போது விசிலடிக்கும். விசில் வரவில்லை.

பட். பட். பட். மரம் முறிகிற சத்தம். பிறகு ஜல்லி லாரி கல்லைக் கொட்டுகிற சத்தம். கொட்டி முடியவில்லை. கொட்டிக்கொண்டே கிட்டே வருகிறது. காலடியில் நிலம் ஆடுகிறது. வானத்திலிருந்து வரவில்லை. தரையோடு வருகிறது.

அப்போதுதான் தெரிந்தது.

"வெளியே வாங்க! சரவணா! மல்லி! வெளியே! வெளியே!"

அவர்கள் வரவில்லை. குப்புறப் படுத்திருந்தார்கள். காதைப் பொத்தியிருந்தார்கள். இறுக்கி. நான் சொல்லிக் கொடுத்த மாதிரி. நான் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை.

கைக்கு எட்டுகிற தூரம் வரவில்லை நான். இன்னும் கொஞ்சம் இருந்தது. மண் வந்தது. என்னைப் பக்கத்தில் தூக்கிப் போட்டது. காப்பிச் செடிக்குள் கிடந்தேன். வாய் நிறைய மண். தேவி பாறைமேல் நின்று அலறுவது கேட்டது. லயனில் மீதி ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். நடந்து பழகியவர்கள் அன்றைக்கு ஓடியிருக்கிறார்கள்.

தோண்டினோம். மண்வெட்டியால். தட்டால். கையால். ஆண்கள் என்னை விலகச் சொன்னார்கள். விலகவில்லை. குழி எந்த இடம் என்று எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். நான் வெட்டிய குழி.

சின்னப்பொண்ணு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். அரிசிப் பை கையில். கீழே வைக்கவில்லை.

"எங்கீங்க எம் புள்ளைங்க? அக்கா, எங்கீங்க?"

கையைக் காட்டினேன்.

தகரத்துக்கு அடியில் இருந்தார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். கை காதிலேயே இருந்தது. மல்லிகாவின் வாய் திறந்திருந்தது. அதற்குள் மண். நான் துடைத்தேன். சின்னப்பொண்ணு என் கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டிருக்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் என்னிடம் ஒன்று சொன்னாள்.

"நீங்களும் அந்தக் குழிக்குத்தானுங்க ஓடினீங்க. உங்க மகள அங்கதான் கூப்பிட்டீங்க. தெரிஞ்சு செய்யலீங்க."

அவ்வளவுதான். பிறகு மாரமங்கலத்துக்கு அவள் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது எனக்கு அந்த வார்த்தையும் இல்லை.

ஜெயா வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு எம்மேலதாங்க அக்கா. எங்க ஓடோணும்னு சொல்லிக் குடுத்தேன். இதுக்கு முன்னால எங்க ஓடிப் பழகுனீங்கன்னு கேக்கவே இல்லை. குழிய மூடியாச்சான்னு திரும்பி வந்து பாக்கவும் இல்லை."

அவள் இப்போது போகிற ஊரில் எல்லாம் முதலில் அதைக் கேட்கிறாளாம். நல்லது. கேட்கட்டும். ஆனால் அவள் பழியில் பாதியை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.

மண் சரிந்ததற்கு மழைக்குழி காரணமில்லை என்று அளக்க வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கும் மேலே, யாரும் வெட்டாத இடத்திலிருந்து வந்ததாம். இருக்கலாம். குழிகள் வேண்டாம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தண்ணீர் கொடுத்த குழிகள். வீட்டுக்குக் கிட்டே வெட்டாதீர்கள். ஆழமாக வெட்டாதீர்கள். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். சண்டைக்கு ஓடுகிற ஓட்டம் வேறு. மலைக்கு ஓடுகிற ஓட்டம் வேறு.

போனதைச் சொல்கிறேன்.

லயன் வீடு நாலு. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் ஒரு சரிவு முழுவதும். ஊற்று. சின்னப்பொண்ணுவின் ஆடு ஒன்று, வயிற்றில் குட்டியோடு.

ஆள் இரண்டு. சரவணன். மல்லிகா.

அதிகாரிகள் அந்த இரண்டு பேரையும் மண்சரிவில் செத்தவர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். நான் சரி என்று தலையாட்டினேன். அது சரியில்லை. வீட்டையும் மரத்தையும் ஆட்டையும் மண் கொண்டுபோனது. பிள்ளைகள் வெளியில் நின்றிருந்தார்கள். நான் கூப்பிட்டேன். வந்தார்கள்.