கண் மூடாத சிவகுருநாதன்

மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கிள்ளானையும் பிரிக்பீல்ட்சையும் காலி செய்துவிட்டு இந்தக் கோவில் மண்டபத்தில் வந்து குவிந்திருக்கும் மக்களே! நிர்வாகத் தலைவர் தம்புசாமி பேசுகிறேன். இந்த இரங்கல் கூட்டத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நான் செத்தால் இதில் கால்வாசி வருமா? என் மனைவியே யோசித்துத்தான் வருவாள்!

ரயில்வே தலைமைக் குமாஸ்தா, தேவாரச் செம்மல் சிவகுருநாதன்! அவர் பாடினால் பத்துமலைக் குரங்குகள் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்கும். இருபது ஆண்டுகள் அவர் தலைவர், நான் துணைத் தலைவர். துணை! அந்தச் சொல்லைத் தூக்கத்திலும் மென்றேன்.

ஒரு குறை கிடைக்காதா என்று அலைந்தேன். கிடைத்தது. தீபாராதனையில் ஊரே கண்மூடிக் கும்பிடும். அவர் மட்டும் தூணைப் பிடித்தபடி கண்ணைத் திறந்தே நிற்பார். நடையிலும் தள்ளாட்டம். விடுவேனா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில், சன்னதிக்கு எதிரிலேயே எழுந்தேன்.

“அண்ணே, நீங்க குடிக்கலன்னா முருகன் முன்னால கண்ண மூடிச் சத்தியம் பண்ணுங்க லா!”

“வேணாம் தம்பு, விழுந்துருவேன்.”

“சாமி கும்பிட்டு எவன் விழுந்தான்?”

தூணை விட்டார். கைகூப்பினார். கண்ணை மூடினார். அப்படியே சாய்ந்தார். இதோ முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவி புனிதவதி அக்காதான் ஓடிவந்து தாங்கினார். கூட்டம் என்ன சொன்னது? குடிகாரன் என்றது! அன்றே நான் தலைவரானேன். மாலையும் போட்டுக்கொண்டேன்.

மறு ஆண்டு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ். நரம்புகளின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகும் நோய். சிவகுருநாதனைப் பார்க்கப் போனேன்.

“ஒனக்குத் தல திரும்புனா கண்ணு தானா சமாளிச்சுக்கும், தம்பு. எனக்குச் சமாளிக்காது. தேவாரப் புத்தகத்துல எழுத்தெல்லாம் குதிக்கும். கண்ண மூடுனா தரை எங்க இருக்குன்னே தெரியாது. எதையாவது பாத்துக்கிட்டே இருந்தாத்தான் நிக்க முடியும்.”

“அப்ப தீபாராதனையில எதப் பாத்தீங்க?”

“முருகன் மொகத்தத்தான்.”

கேட்டீர்களா? நாமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நாசி லெமாக் சோற்றை நினைத்தோம். அந்த மனிதர் இமைக்காமல் முருகனையே பார்த்திருக்கிறார். அதற்கும் எனக்குப் பொறாமை!

சபையோரே, அவர் குடிக்கவில்லை. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தும் இந்த மைக்கில் நான் சொல்லவில்லை. நாற்காலி போய்விடுமே! அக்கா, இன்று உங்கள் முன்னால் சொல்கிறேன்.

கோவில் படிக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று அவர் எழுதிய மனு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. தைப்பூசத்துக்குள் கம்பி நிற்கும். அதன்பின் நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.

இப்போது ஒரு நிமிட மௌனம். எழுந்து நில்லுங்கள். வழக்கம்போல் கண்ணை மூடாதீர்கள். அவர் படத்தைப் பாருங்கள். முதலில் நான் பார்க்கிறேன்.