திருநாவுக்கரசு அண்ணன் வீட்டு அப்கிரேட்

திருநாவுக்கரசு அண்ணன் மைலோவில் பாலைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் பத்து சனிக்கிழமையும் குடித்தேன் சார். ஒருவர் நமக்கென்று கலக்கிக் கொண்டுவரும்போது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

வேலை சின்னதுதான். அவரிடம் இருந்தது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று கழித்துப்போட்ட வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர். பன்னிரண்டு வயதாகியும் மாடு மாதிரி உழைத்தது. அக்டோபரோடு விண்டோஸ் பத்தைக் கைவிடுகிறார்கள், பதினொன்றுக்கு மாற்ற வேண்டும் என்று பெர்த்தில் இருக்கும் மகள் ரூபினிதான் என்னைத் தேடிப்பிடித்து ஜெலுத்தோங் வீட்டுக்கு அனுப்பினாள்.

பிறை ஊர்த் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றதில் அண்ணனுக்குக் காது போய்விட்டது. கண்ணும் மங்கல். போன் அடித்தால் கேட்காது, அதில் வரும் எழுத்தும் தெரியாது. மனைவி இல்லை. மகளோடு பேச அவருக்கு இருந்த ஒரே வழி அந்தப் பெட்டியும் அதன் பெரிய திரையும்தான். தினமும் காலையில் அவளுக்கு மெயில் எழுதுவார், அவளும் எழுதுவாள். நான் சொல்ல வேண்டியதையும் அதிலேயே பெரிய எழுத்தில் தட்டிக் காட்டுவேன். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார்.

முதல் சனிக்கிழமை விண்டோஸ் பதினொன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. பழைய இயந்திரத்தில் அது ஏறாது என்பார்கள். எங்களுக்குக் குறுக்கு வழி தெரியும். மூன்று மணி நேரத்தில் சுத்தமாக ஏறிவிட்டது. அது ஏறுகிற நேரத்தில் திரையில் எதையும் தட்ட முடியாது. அதனால் அண்ணன் பேசினார், நான் கேட்டேன். என் கையைத் தட்டித் தட்டிப் பேசினார். பாயான் பாருவில் நான் இருக்கும் வாடகை அறையில் என்னைத் தொட்டுப் பேச ஆள் கிடையாது. போகிற இடத்திலெல்லாம் நான் கம்ப்யூட்டர் அண்ணே. இவர்தான் வந்தவுடனேயே பெயரைக் கேட்டார். "சந்திரசேகரனா? அப்ப சேகரு தம்பி" என்றார்.

கிளம்பும்போது, "வேல முடிஞ்சிருச்சி. இனிமே இந்தப் பக்கம் நீங்க எங்க வரப் போறீங்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வடை பொட்டலம் கட்ட அடுப்படிக்குப் போனார். பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பிக்கொள்ள விண்டோஸே ஒரு பொத்தான் வைத்திருக்கிறது. அதை அழுத்தினேன். பழைய திரை மறுபடி வந்ததும், 'பழைய மெஷின்லா அண்ணே, ஒத்துக்க மாட்டேங்குது. அடுத்த வாரம் வர்றேன்' என்று தட்டினேன். அவருக்கு வருத்தமே இல்லை. நான்தான் பார்த்தேனே, சிரித்தார்.

மெயில் பாஸ்வேர்டு காலண்டர் ஓரத்தில் இருந்தது. "நீங்களே வச்சிக்குங்க தம்பி, நான் மறந்துருவேன்" என்று கிழித்துக் கொடுத்தார். இங்கே வயசானவர்கள் கம்ப்யூட்டர்காரனிடம் எதையும் மறைப்பதில்லை.

ஐந்தாவது வாரம் ரூபினி எழுதியதை நான்தான் முதலில் படித்தேன். 'ஒரு விண்டோஸுக்கு அஞ்சு வாரமா? நான் அனுப்பின அந்த ஆளு என்னதாம்பா பண்றாரு? தீபாவளிக்குப் புது லேப்டாப்போட வர்றேன். இந்தத் தடவ உங்கள கூட்டிட்டுத்தான் போவேன்.'

தப்பாக எதுவும் எழுதவில்லை அவள். ஆனால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே சார். அவள் மெயில் அண்ணன் கண்ணில் படாமல் ஒதுங்கவும், அவர் எழுதுவது அவளுக்குப் போகாமல் எனக்கு வரவும் வழி செய்தேன். இரண்டு நிமிட வேலை. பிறகு அவர் பெயரில் நானே அவளுக்கு எழுதினேன். 'அப்பா கோயில் பயணம் போறேன்மா. பொங்கலுக்கு வா.' அவர் எழுதுகிற விதம் எனக்குப் பழகியிருந்தது. அவள் நம்பினாள்.

தீபாவளியன்று அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்தே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "புள்ளைக்கு என்ன கோவமோ தெரியல தம்பி. ஒரு வார்த்த எழுதலயே" என்று அழுதார். நான் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். பல வருஷத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் உட்கார்ந்து கொண்டாடிய தீபாவளி. எனக்கு மனசு நிறைந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். சொன்னால் அவர் போய்விடுவார்.

நவம்பரில் அந்தச் சனிக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும், "நெஞ்ச அடைக்குது தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்றார். சட்டை நனைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி காரில் பத்து நிமிடம். ஆனால் அங்கே போனால் சொந்தக்காரர் யார், நம்பர் என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் தட்டினேன்: 'வெறும் காத்துதான் அண்ணே. கொஞ்சம் உட்காருங்க, சரியாயிடும்.' அவர் இரண்டு முறை படித்தார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் சொன்னால் நம்புவார் சார்.

உயிர் போனதாக டாக்டர் சொல்கிற நேரம் மூன்று மணி. என் போனிலிருந்து அவர் பெயரில் ரூபினிக்கு மெயில் போன நேரம் மூன்று இருபது. காலையிலிருந்தே உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'அப்பா நல்லா இருக்கேன்மா' என்று எழுதினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஐந்து மணிக்கு. நடுவில் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ரூபினி ஸ்டேஷனுக்கு வெளியே காத்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் எழுதிக் கொடுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வாள், நீங்களே சொல்லுங்கள் சார். அவள் அப்பா தனியாகச் சாகவில்லை. கடைசிவரை நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.