மூணாம் பாகத்தின் கடைசிக் கதவு

— மூணாம் பாகத்தை இத்தோட விட்டுடலாம்டா. நேரா நாலுக்குப் போயிடலாம்.

— ஏன்க்கா? ‘உப்புக்கோட்டை’ முதல் ரெண்டு பாகத்தையும் மூச்சு விடாம ஆடி முடிச்சோம். மூணுல கடைசிக் கதவு வரைக்கும் வந்தாச்சு. இப்போ போய் வேணாம்ங்கிறே.

— வெள்ளிக்கிழமை அஞ்சாம் பாகம் வருது. இன்னிக்குப் புதன். நாலாம் பாகம் மட்டும் பதினெட்டு மணி நேரம் இழுக்கும்னு நீதானே சொன்னே? நான் நாலு நாள்தான் லீவு போட்டிருக்கேன். டிப்போ மேனேஜர் முறைச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. ‘எதுக்கும்மா லீவு’ன்னாரு. ‘தம்பி வர்றான்’னேன். வீடியோ கேம் ஆடப் போறேன்னு சொல்லியிருந்தேன்னு வை, என் பஸ்ஸை என் மேலயே ஏத்தியிருப்பாரு.

— பன்னெண்டு மீட்டர் பஸ்ஸை முட்டுச்சந்துல திருப்புறவ நீ. ஒரு கதவுக்குப் பயப்படறியே.

— பயமா, எனக்கா? போடா பல்லி.

— முப்பத்திமூணு வயசாச்சு. இன்னும் பல்லியா?

— அறுபதானாலும் பல்லிதான். சின்ன வயசுல உனக்குக் கண் பார்வை போன புதுசுல சுவர்ல காதை ஒட்டிக்கிட்டே வீடு பூரா சுத்துனவன்தானே நீ? பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுறதை இங்கேர்ந்தே எண்ணுவே. அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறாங்க, நீ ‘முப்பத்தாறு, முப்பத்தேழு’ங்கிறே.

— சரி, பல்லி சொல்லுது. கதவுகிட்ட போ. என்ன தெரியுது?

— உப்புச் சுவர். ரெண்டு பக்கமும் விளக்கு. நம்ம சாவிக்காரி நிக்கிறா, தோள்ல அதே கிழிஞ்ச பை, இடுப்புல சாவிக்கொத்து. எதிர்ல கதவு. கதவுக்கு முன்னாடி அவன்.

— காவக்காரன்.

— ஆமா. மூணு ஆள் உயரம், கால்ல சங்கிலி, கையில சம்மட்டி, மூஞ்சியில இரும்பு முகமூடி. ஒண்ணுமே மாறல. என்னைப் பார்த்து ‘வந்துட்டியா தாயே’ங்கிற மாதிரி நிக்கிறான்.

— ஆரம்பி.

— டீ போட்டுட்டு வந்துடறேனே?

— இப்பத்தான் குடிச்சோம். கப்பு இன்னும் சூடா இருக்கு.

— துணி காயப் போட்டிருக்கேன், எடுக்கணும்.

— காலையிலயே எடுத்து மடிச்சுட்டே. பீரோ கதவு சத்தம் கேட்டுச்சு. ஆடுக்கா.

— உன்கிட்ட ஒரு பொய் சொல்ல முடியுதா? சரி, ஆடறேன். விழுந்தா சிரிக்கக் கூடாது. ஐயோ. போச்சு.

— பதினோரு நொடி.

— கை வழுக்கிடுச்சுடா. இரு. இந்தத் தடவை பாரு. வலது பக்கம் ஒதுங்கி, அப்படியே... சே!

— ஒன்பது.

— உன் கடிகாரத்தைத் தூக்கிப் போடுறேன் பாரு. இன்னும் ஒரே தடவை.

— இதோட மூணு ஆச்சுக்கா. அவ கீழே விழறப்போ சாவிக்கொத்து கலகலன்னு கொட்டுது. அதை எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். கொடு, நான் ஆடறேன்.

— நீயா? இந்தப் பழைய பாகத்துல உனக்குன்னு எதுவுமே வெக்கலையேடா. பள்ளத்துக்கு ஒரு சத்தம், படிக்கு ஒரு சத்தம், எதிரி திரும்பினா ஒரு சத்தம், அதெல்லாம் நாலாம் பாகத்துலேர்ந்து நீ வெச்சதுதானே?

— நான் மட்டும் வெக்கல. கேம் கம்பெனியில எங்க சவுண்ட் ரூம்ல ஆறு பேரு.

— அந்த ஆறு பேர்ல என் தம்பி ஒருத்தன். கேளு, இதை உன்கிட்ட சொல்லவே இல்ல. என் பஸ்ல தினமும் ஏழே முக்காலுக்கு ஒருத்தர் ஏறுவாரு. கையில வெள்ளைக் கோல். டெலிபோன் ஆபரேட்டர். ஒரு நாள் பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்லிக்கிட்டு வர்றாரு: ‘உப்புக்கோட்டை நாலாம் பாகத்தைப் பக்கத்துல யாரையும் வெச்சுக்காம ஆடி முடிச்சேன். வாழ்க்கையில முதல் தடவை’ன்னு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அவர் இறங்குற ஸ்டாப்புல வண்டியை நிறுத்திட்டு, ‘சார், அந்தச் சத்தமெல்லாம் என் தம்பி செஞ்சது’ன்னேன். மனுஷன் படியிலயே நின்னுட்டாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. பின்னாடி நாலு வண்டி ஹாரன் அடிச்சுது. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்.

— எனக்கு ஏன் சொல்லல?

— சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறிடும். இந்தா, பிடி. ஆனா விழுந்தா நான் எண்ணுவேன்.

— எண்ணு. டிவி சத்தத்தை முழுசா வை. அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன் குரல்ல அவன் மூச்சு மறைஞ்சு போயிடுது.

— அவன் மூச்சு வேற விடறானா?

— கேளு. சம்மட்டி தரையில இழுபடுது, இடதுலேர்ந்து வலதுக்கு. இழுக்கிற சத்தம் நின்னா தலைக்கு மேல தூக்கிட்டான்னு அர்த்தம். நின்னுச்சு. குதி.

— டேய்! தப்பிச்சுட்டா!

— பேசாதேக்கா. இப்போ மூச்சு இழுத்தான். தரையை ஓங்கி அடிப்பான். ரெண்டு அடி பின்னால. அடிச்சான். சங்கிலி இறுகுது, ஒரு கால்ல நிக்கிறான். முட்டியில ஒண்ணு.

— பட்டுச்சு! பட்டுச்சுடா! முகமூடியில விரிசல் விட்டுருச்சு!

— உஷ்.

— சரி சரி. வாயைப் பொத்திக்கிட்டேன்.

— மறுபடியும் இழுக்கிறான். இந்தத் தடவை வேகம் அதிகம். நின்னுச்சு. குதி. மூச்சு. பின்னால. முட்டி.

— ரெண்டாவது! மண்டி போட்டுட்டான்! நான் ஒரு வாரம் ஆடியும் இவன் மண்டி போட்டு நான் பார்த்ததில்லடா. சம்மட்டி கீழே விழுந்துருச்சு. இன்னும் ஒரே ஒரு அடிதான், அவன் எழுந்திருக்கவே... டேய், நிறுத்து! அடிக்காதே! நிறுத்துடா!

— நிறுத்திட்டேன். என்னாச்சு?

— அடிக்காதே. அடிச்சா முடிவு வந்துடும்.

— அதுக்குத்தானேக்கா ஆடறோம்.

— சின்ன வயசுல நான் உனக்குச் சொன்ன முடிவு வராது.

— ம்.

— அன்னிக்கு நான் முடிக்கவே இல்லடா. எனக்குப் பதினாலு, உனக்கு ஒன்பது. மாடி வீட்டு அண்ணன்கிட்ட ஒரு வாரத்துக்குன்னு இரவல் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும். வாசல்ல வந்து நிக்கிறாரு. நீ என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. ‘திறந்துட்டாளா, திறந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கே. அறுபத்தொரு தடவை செத்தேன். அறுபத்தி ரெண்டாவது தடவை ஆட நேரம் இல்ல. அப்படியே நிறுத்தி வெச்சுட்டு, ஜெயிச்சுட்டோம்னேன். அப்புறம் கதை விட்டேன்.

— என்ன கதை விட்டே, சொல்லு.

— தெரிஞ்சதுதானே.

— சொல்லுக்கா. உன் வாயால கேட்டு ரொம்ப வருஷமாச்சு.

— சாவிக்காரி அடிக்க ஓங்கினா. அப்போதான் அவன் நெஞ்சுல கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டு இருக்கிறதைப் பார்த்தா. இவன் காவலுக்கு நிக்கல, இவனைத்தான் பூட்டி வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சு போச்சு. ஆயுதத்தைக் கீழே போட்டுட்டு, கொத்துல இருக்கிறதுலயே சின்னச் சாவியை எடுத்துத் திறந்தா. அவன் முகமூடியைக் கழட்டிட்டு, ‘வெளியில மழை பெய்யுதா’ன்னு கேட்டான். அன்னிக்கு நம்ம ஜன்னல்ல மழை அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதைத்தான் எடுத்து அவன் வாயில வெச்சேன். அவ, ‘பெய்யுது’ன்னா. ரெண்டு பேரும் நனையப் போயிட்டாங்க.

— அப்போ கதவுன்னு கேட்டேன்.

— யாருக்குடா வேணும் கதவுன்னேன். அவன் குரல் காதுல விழலையேன்னும் கேட்டே. வியர்த்துப் போச்சு எனக்கு. டிவி ஸ்பீக்கர்ல வராத அளவுக்குக் கனமான குரல்னு ஒரு போடு போட்டேன். நீயும் நம்பிட்டே. இத்தனை வருஷமா உன் காதுல பூ சுத்திட்டேன்டா பல்லி. காதை வெச்சே பேரு வாங்கின ஆளு நீ. உன் காதுலயே சுத்தியிருக்கேன். திட்டிடு.

— இப்போ என்ன பாட்டு ஓடுது?

— எது? டிவியிலயா? நிறுத்தி வெச்சா வர்ற பாட்டு.

— அன்னிக்கு நீ கதை சொன்னப்போ ஓடினதும் இதுதான். அது எனக்குப் பதினாறு வருஷம் கடைசிக் காட்சிப் பாட்டு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி கம்பெனியில சேர்ந்த முதல் வாரம், பழைய சத்தமெல்லாம் வெச்சிருக்கிற ரூமுக்குப் போனேன். அங்கே இருக்கிற பெரியவர்கிட்ட, ‘மூணாம் பாகம் கடைசிக் காட்சிப் பாட்டைப் போடுங்க சார்’னேன். போட்டாரு. ஒரே முரசு, எக்காளம். ‘இது இல்ல சார்’னு நானே பாடிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு. ‘தம்பி, இது ஆட்டத்தை நிறுத்தி வெச்சுட்டு பாத்ரூம் போறப்போ ஓடுற பாட்டு’ன்னாரு.

— எட்டு வருஷமாத் தெரியுமா உனக்கு?

— தெரியும்.

— அப்புறம் ஏன்டா கேட்கல? நான் எட்டு வருஷமா, நீ அங்கே கண்டுபிடிச்சுடுவியோன்னு, மூணாம் பாகம்னாலே பேச்சை மாத்திக்கிட்டு...

— அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் கோபமாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த நிஜ முடிவை அவர் எனக்கு முழுசா விவரிச்சாரு. மூணாவது அடியில காவக்காரன் செத்துடறான். கதவு திறக்குது. உள்ளே ஒரு கிரீடம். எடுத்துத் தலையில வெச்சுக்கிறா. அவ்வளவுதான். ஒன்பது வயசுல அதைக் கேட்டிருந்தா மறுநாளே மறந்திருப்பேன். அக்கா, நான் ஏன் சத்தத்துக்குப் படிச்சேன்னு நினைக்கிறே?

— காது நல்லா இருக்குன்னு.

— அவன் குரலுக்காக. ஸ்பீக்கர்ல வராத குரல்னு சொன்னே இல்ல? நல்ல ஸ்பீக்கர் இருந்தா வரும்னு நம்பினேன். அந்த ஒரு குரலைக் கேட்கணும்னுதான் அத்தனை பரீட்சையும் எழுதினேன்.

— டேய்... இதெல்லாம் இப்படிப் படக்குன்னு சொல்லாதே.

— அழாதே. கேளு, இன்னும் இருக்கு. வெள்ளி வரைக்கும் அஞ்சாம் பாகம் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காங்க. ஒரே ஒருத்தருக்கு மட்டும் சொல்லலாம்னு நான் எழுத்துல அனுமதி வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தா, இதைக் காதுல மாட்டு.

— என்னடா இது? ஒண்ணும் கேட்கலையே.

— இரு.

— வெளியில மழை பெய்யுதா?

— ஐயோ அம்மா! யார்டா அது?

— அவன்தான்.

— இவ்வளவு... நெஞ்செலும்பு வரைக்கும் அதிருதுடா. இன்னொரு தடவை போடு.

— வெளியில மழை பெய்யுதா?

— இதுதான். இதேதான்டா. நான் நினைச்சது இதே குரல்தான்! எப்படிக் கண்டுபிடிச்சே?

— மேல மூணு பேர் குரலைக் கலந்தேன். அடியில உன் பஸ் இன்ஜின் சத்தம். போன வருஷம் உன் வண்டியில கடைசி சீட்டுல உட்கார்ந்து ரெண்டு நடை வந்தேனே.

— தூங்குறேன்னு நினைச்சேன்! ‘பாவம், அலைஞ்ச களைப்பு’ன்னு பள்ளத்துல எல்லாம் மெதுவா இறக்கி ஓட்டினேன்டா.

— அதனாலதான் ரெக்கார்டிங் அவ்வளவு சுத்தமா வந்துச்சு. அஞ்சாம் பாகத்துல சாவிக்காரி மறுபடி அந்தக் கதவுக்கு வர்றா. காவக்காரன் சாகலைன்னு கதையை மாத்திட்டாங்க. நெஞ்சுல பூட்டு, சின்னச் சாவி, மழை, எல்லாம் நீ சொன்னபடி. கம்பெனியில கதை எழுதுற அம்மாகிட்ட ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல தமாஷாத்தான் சொன்னேன். அவங்க எழுந்து போய் ரூம் கதவைச் சாத்திட்டு வந்து, ‘மறுபடி முதல்லேர்ந்து சொல்லு’ன்னாங்க.

— என் கதையையா? பதினாலு வயசுல ஏதோ வாய்க்கு வந்ததை...

— கடைசியில எல்லார் பேரும் ஓடும் பாரு, அதுல முதல் பேரு உன்னோடது. பேருக்குக் கீழே ‘பேருந்து ஓட்டுநர்’னு போடணும்னு நான் பிடிவாதம் பிடிச்சேன். போட்டுட்டாங்க.

— நிஜமாவா? விளையாடாதேடா.

— நான் கதை விடறவன் இல்ல. அது உன் வேலை.

— மேனேஜருக்குத்தான் முதல்ல காட்டணும். அப்புறம் ஏழே முக்கால் சாருக்கு. அவருக்குக் காட்ட முடியாது, வாசிச்சுச் சொல்லணும். ஹாரன் அடிக்கிறவன் எல்லாம் அடிச்சுக்கட்டும். டேய் பல்லி, அம்மாவுக்குப் போனைப் போடு. இல்ல இல்ல, கையெழுத்துப் போட்டிருக்கே. வெள்ளி வரைக்கும் நான் எப்படிடா வாயை மூடிக்கிட்டு இருப்பேன்?

— அதுக்குத்தான் நாலாம் பாகம் பதினெட்டு மணி நேரம் இருக்கு.

— சரி, இவனை என்ன பண்றது? பாவம், மண்டி போட்டபடியே நிக்கிறான். ஒரு அடி பாக்கி.

— நீயே முடிச்சுடு. அன்னிக்கு விட்டுப்போன அறுபத்தி ரெண்டாவது தடவை.

— மாட்டேன். எனக்கு மனசு வரல. அப்படியே அணைச்சுட்டு நாலாம் பாகத்தைப் போடு. என்னடா சிரிக்கிறே? இன்னும் எதையோ உள்ளே வெச்சிருக்கே.

— அஞ்சாம் பாகம் முடிஞ்ச கையோட ஆறாம் பாகம் ஆரம்பிச்சாச்சுக்கா. கோட்டைக்கு அடியில இன்னொரு கதவு. அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியல, ஆறு மாசமா முட்டிக்கிட்டு நிக்கிறோம். கதை எழுதுற அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க: உங்க அக்காவுக்கு மறுபடி எப்ப லீவு கிடைக்கும்?